பதினைந்து வயதுப் பையனுக்கு எந்த .22? முதலில் விளிம்பைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் துப்பாக்கி என்று சொல்லிப் பாருங்கள். செம்பனைக் கன்றைக் காட்டுப்பன்றி தோண்டிப் போடுகிறது என்று லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் யாரோ ஒரு பெரியவரின் செனாப்பாங் பாத்தாதான், அதாவது நடுவில் ஒடித்துத் தோட்டா போடும் ஷாட்கன்தான், அவர்கள் மனத்தில் வரும். இன்னும் மூத்தவர்கள் 1948க்குப் போய்விடுவார்கள். அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி இந்த ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட கையோடுதான் அவசரகாலம் வந்தது, அப்புறம் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற நிலைமை. இப்படிப்பட்ட ஊரில் படிவம் 4 படிக்கும் பையன் "ரைஃபிள் சுடப் பழகணும்" என்று சொன்னால் அம்மாவுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும்.

பையன் கேட்பது வேறு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சுர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பத்தோடு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நின்று சுட்டாரே, அந்த விளையாட்டின் அடுத்த படியான .22ஐத்தான், அதாவது 0.22 அங்குலக் குண்டு சுடும் சின்ன ரைஃபிளைத்தான், அவன் கேட்கிறான். சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலேசியாவில் இதைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் வேண்டும், ஏர் ரைஃபிளும் அதில் அடக்கம், மீறினால் சிறை, பிரம்படி என்று கதை வேறு பக்கம் போகும். இங்கே பையனுக்கு இருக்கும் வழி, உரிமம் பெற்ற சுடும் திடலில் பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, அங்குள்ள துப்பாக்கியில் பழகுவதுதான். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன சித்தப்பா குடும்பத்துக்கு விதி வேறு. நியூ சௌத் வேல்ஸில் 12 வயதிலிருந்தே சிறார் அனுமதி உண்டு, அதுவும் பெரியவர் கண்காணிப்பில்தான். சித்தப்பா "இவனுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, இங்கே திடலில் பையன் "எதை எடுக்கட்டும்" என்று கேட்டாலும் சரி, பதில் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. பிராண்டை விடுங்கள். தோட்டாவின் அடியைப் பாருங்கள்.

.22 லாங் ரைஃபிள் தோட்டா ஒன்றைப் படுக்க வைத்துப் பார்த்தால் பித்தளைக் கூட்டின் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்பு உள்ளே பொள்ளல். அடித்தால் பொறி கக்கும் மருந்து அதற்குள்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் மருந்தை ஈரப் பசையாகக் கூட்டுக்குள் போட்டு வேகமாகச் சுழற்றுவார்கள், வாஷிங் மெஷின் சுற்றும்போது துணியெல்லாம் ஓரத்தில் போய் அப்பிக்கொள்கிற மாதிரி, பசை விளிம்புக்குள் போய் அடைந்துகொள்ளும். காய்ந்த பிறகு மேலே உந்துமருந்து, அதற்கு மேல் 2.6 கிராம் ஈயக் குண்டு. துப்பாக்கியின் ஊசி வந்து விளிம்பை அடிக்கிறது, விளிம்பு ஊசிக்கும் தோட்டா அறையின் ஓரத்துக்கும் நடுவில் மாட்டி நசுங்குகிறது, மருந்து பற்றுகிறது. ரிம்ஃபயர் என்றால் இவ்வளவுதான். பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் 1845 வாக்கில் தொடங்கி வைத்த யோசனை, நாம் பேசும் .22 லாங் ரைஃபிள் 1887இல் அமெரிக்காவில் வந்தது, இன்னும் பெரிய மாற்றமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊசி அடித்து நசுங்க வேண்டும் என்றால் அந்தப் பித்தளை மெல்லிசாகத்தான் இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் உள்ளே பெரிய அழுத்தம் வைக்க முடியாது, கூடு பிய்ந்துவிடும். அதனால்தான் இந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டோடு நிற்கிறது; பெரிய வேட்டை ரைஃபிள் தோட்டாக்கள் 60,000ஐத் தாண்டும். இதைப் பலவீனம் என்று சொல்லலாம், ஆனால் பழகும் பிள்ளைக்கு இந்தப் பலவீனம்தான் வரம். குண்டு விநாடிக்கு 325 மீட்டர் வாக்கில் முன்னே போகிறது, 2.5 கிலோ துப்பாக்கி பின்னே வருவது விநாடிக்கு 0.4 மீட்டர்கூட இல்லை, தோளில் யாரோ லேசாகத் தட்டியது போலத்தான் தெரியும். தாத்தாவின் 12 போர் ஷாட்கன் பின்னுக்கு உதைக்கும் ஆற்றல் இதைப் போல நூறு மடங்குக்கு மேல். முதல் நாளே அந்த உதை வாங்கிய பிள்ளை அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எடுக்க மாதக்கணக்கு ஆகும். .22இல் ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான், தோட்டா மலிவு என்பது அப்புறம்தான். உதை இல்லையென்று இதை விளையாட்டுச் சாமானாக நினைத்துவிடாதீர்கள். சரியான கோணத்தில் சுட்டால் குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும், போய் விழும் இடத்திலும் ஆளைக் காயப்படுத்தும்.

அடுத்தது போல்ட், அதாவது தோட்டா அறையைத் திறந்து மூடும் கைப்பிடி வைத்த தண்டு. கைப்பிடியை மேலே தூக்கும்போது உள்ளே ஒரு சரிவான வெட்டு ஊசியைப் பின்னுக்குத் தள்ளி ஸ்பிரிங்கை இறுக்குகிறது, பின்னால் இழுத்தால் சின்ன நகம் ஒன்று விளிம்பைக் கவ்விக் காலிக்கூட்டை வெளியே எடுத்து எறிகிறது, முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகிறது, கீழே மடக்கினால் பூட்டு. அழுத்தம் குறைவு என்பதால் பல .22களில் அந்தக் கைப்பிடியின் அடிப்பகுதியே பூட்டாகவும் வேலை செய்கிறது. இதில் பிள்ளைக்கு என்ன லாபம்? ஒவ்வொரு முறையும் கை வேலை செய்தால்தான் அடுத்த தோட்டா தயாராகும். தானாக எதுவும் நடக்காது. போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டால் பயிற்றுநர் நாலடி தள்ளி நின்றே அறை காலி என்று பார்த்துவிடலாம். ஒற்றைத் தோட்டா மட்டும் போடும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, அவசரம் தானாகக் குறைந்துவிடும். சிசட் 457 ஸ்கௌட் என்ற மாடலில் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, மாட்டும் இடத்தில் ஒற்றைத் தோட்டாத் தட்டு போட்டுக்கொள்ளலாம், சேவேஜ் ராஸ்கல் பிறப்பிலேயே ஒற்றைத் தோட்டாதான், ஆனால் அது சின்னப் பிள்ளைக்கு, நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட பதினைந்து வயதுக்காரனுக்கு ஆறே மாதத்தில் பத்தாது.

சுட்ட காலிக்கூட்டை ஒன்று கீழிருந்து பொறுக்கி அடியைப் பாருங்கள். ஓரத்தில் ஊசி பதிந்த பள்ளம் ஒன்று நீள்சதுரமாகவோ அரைவட்டமாகவோ இருக்கும். பள்ளம் ஆழமாக, ஓரத்தை ஒட்டி இருந்தால் ஊசியும் ஸ்பிரிங்கும் நலம். மேலோட்டமாக இருந்தால் அந்தத் துப்பாக்கி அடிக்கடி வெடிக்காமல் ஏமாற்றும். மருந்து விளிம்பின் சுற்று முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்காது என்பதால் நல்ல துப்பாக்கியிலும் எப்போதாவது ஒன்று வெடிக்காமல் போவது உண்டு. அப்போது பையன் செய்ய வேண்டியது, குழலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு ஒரு 30 விநாடி சும்மா இருப்பது, பிறகுதான் போல்ட்டைத் திறப்பது. தாமதமாகப் பற்றும் மருந்தும் உண்டு. பழைய .22 துப்பாக்கிகளில் தோட்டா இல்லாமல் டிக் டிக்கென்று விசையை இழுத்து விளையாடக் கூடாது என்று ஏன் அதட்டுகிறார்கள் என்பதற்கும் இதே விளிம்புதான் பதில். நசுங்குவதற்குப் பித்தளை நடுவில் இல்லாவிட்டால் ஊசி நேராக அறையின் ஓரத்து இரும்பில் போய் அடிக்கும், நாளடைவில் அங்கே வடு விழுந்து தோட்டா மாட்டிக்கொள்ளும்.

சரி, அளவு. கடைக்காரர்களும் இணையத்தில் சண்டை போடுபவர்களும் அதிகம் பேசாத விஷயம் இது, என்னைக் கேட்டால் பாதித் தேர்வு இங்கேயே முடிந்துவிடுகிறது. பின்கட்டையின் நுனியிலிருந்து விசை வரைக்குமான நீளம் பெரியவர்கள் துப்பாக்கியில் 13.5 அங்குலம் சுமார், இளையோர் வகையில் 12 அங்குலம் அல்லது அதற்கும் கீழே. பையன் முழங்கையை மடக்கி, மடிப்பில் கட்டையின் நுனியை வைத்துப் பார்க்கட்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாகப் பட்டால் சரி. நீளம் அதிகமான துப்பாக்கியைத் தூக்கிய பிள்ளையைப் பக்கவாட்டிலிருந்து கவனித்தால் உடனே தெரியும்: எடையைச் சமாளிக்க இடுப்பை முன்னே தள்ளி முதுகைப் பின்னால் வளைத்து நிற்பான், குறிபார்க்கும் கண்ணாடிக்குக் கண் எட்டாமல் கழுத்தை நீட்டுவான், ஐந்து தோட்டாவுக்குள் முன்கை நடுங்கும். அப்புறம் "இவனுக்குக் கை நிலையாக இல்லை" என்று அவனைக் குறை சொல்வார்கள். பின்கட்டையில் தகடு சேர்த்து நீளத்தைக் கூட்டக்கூடிய வகை கிடைத்தால் அதை எடுங்கள், பையன் வளர வளரத் துப்பாக்கியும் வளரும்.

குழல் நீளமாக இருந்தால்தான் குறி சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. .22இல் இருப்பதே கொஞ்சம் உந்துமருந்து, அது 16 முதல் 19 அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேல் உள்ள குழல் குண்டை உரசித் தாமதப்படுத்துவதோடு சரி. குறி பார்க்க உதவும் இரண்டு முனைகளுக்கும் இடைவெளி கூடும் என்ற லாபம் உண்டு, ஆனால் தொலைநோக்கிக் கண்ணாடி போட்டால் அதுவும் போச்சு. 16 அங்குலக் குழல் பிள்ளைக்குத் தாராளம், முன்பக்கப் பாரமும் குறையும். குழலின் உள்ளே ஓடும் சுருள் வரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அந்தக் கணக்கில் குண்டு விநாடிக்கு 800 சுற்று சுழன்றுகொண்டு வெளியே வருகிறது, அதனால்தான் தலைகுப்புற உருளாமல் நேராகப் போகிறது.

விசை இறுக்கத்தைத் துப்பாக்கியின் எடையோடு சேர்த்துப் பாருங்கள். 2 கிலோ துப்பாக்கியில் விசையை இழுக்க 2.5 கிலோ பலம் வேண்டும் என்றால், விரல் இழுக்கும்போது துப்பாக்கியே நகர்ந்துவிடும். ஒன்று, ஒன்றரை கிலோவுக்குள் சுத்தமாக விடுபட்டால் போதும். ரொம்ப லேசான விசை பழகாத விரலுக்கு ஆபத்து.

தோட்டா வாங்கும்போது வேகம் அதிகம் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர். சாதாரணத் தோட்டா 325இல் கிளம்புவதால் அந்தக் கோட்டைத் தொடுவதே இல்லை. வேகத் தோட்டா 380இல் கிளம்பி, 50 மீட்டரை எட்டும் வாக்கில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையை ஒட்டிக் காற்றின் இழுவை மிக அதிகம், குண்டு வேகத்தைச் சட்டென்று இழக்கும், அதன் விளைவாகப் பக்கக் காற்று அதைச் சாதாரணக் குண்டைவிடக் கூடுதலாகவே தள்ளிவிடுகிறது. வேகமாகப் போவது காற்றில் அதிகம் விலகுகிறது! 50 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், அதனால் போட்டிக்காரர்கள் மெதுவான தோட்டாவையே போடுகிறார்கள். அதே 50 மீட்டருக்குள் குண்டு ஈர்ப்பினால் 12 சென்டிமீட்டர் கீழே விழுந்திருக்கும். குறிக்கண்ணாடியைத் திருகி இதைத்தான் ஈடுகட்டுகிறோம். அந்தக் கண்ணாடியும் ரிம்ஃபயருக்கென்று 50 கெஜத்துக்குச் சரிசெய்ததாக இருக்கட்டும், பெரிய ரைஃபிளுக்கான கண்ணாடியில் கண் கொஞ்சம் நகர்ந்தால் குறியும் நகர்ந்து தெரியும்.

பையன் எந்தக் கைக்காரன் என்று பார்ப்பதற்கு முன் எந்தக் கண்காரன் என்று பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து கட்டை விரலால் தூரத்துத் தூண் ஒன்றை மறைக்கட்டும், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். இடது கண் ஆளும் பிள்ளை இடது தோளில் வைத்துச் சுடும்போது வலது பக்கப் போல்ட் தொல்லைதான், ஒவ்வொரு முறையும் கையை மேலே கொண்டுபோய்ச் சுற்றி எடுக்க வேண்டும். இடதுகை வகைகள் தயாரிக்கிறார்கள், திடலில் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு. சத்தம் சின்னது என்று காதை மூடாமல் சுட விடாதீர்கள், .22 ரைஃபிளின் உச்ச ஒலி 140 டெசிபெல்லை நெருங்கும், கேட்கும் திறன் போனால் திரும்பி வராது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடட்டும். அப்புறம் குண்டு முழுக்க ஈயம், விளிம்பில் உள்ள மருந்திலும் பெரும்பாலும் ஈயம்தான், விரலிலும் சட்டையிலும் தூளாக ஒட்டும். திடலை விட்டு வந்ததும் பசியோடு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பான், அதற்கு முன் சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரை கழுவச் சொல்லுங்கள், சட்டையைத் தம்பி தங்கச்சி துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.