தீபாவளிக்குப் போன வீட்டில் பார்த்ததை யாரிடம் சொல்வது?

பின் அறைக் கதவில் வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள். உள்ளே பாட்டி. "வீட்டுக்கு ஆள் வந்தா ஒரே தொந்தரவு பண்ணுவாங்க, அதான்" என்றார் மருமகள், முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே. பாட்டிக்கு முதுமறதி. மணிக்கட்டைச் சுற்றி மஞ்சளாகிப்போன பழைய காயம். பண்டிகை நாளில் எதற்கு என்று அன்று நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் ஃபோன் எடுத்தேன்.

உதவி கேட்ட முதல் இடத்தில் "அவருக்கு நீங்கள் என்ன உறவு?" என்றார்கள். தூரத்துச் சொந்தம் என்றதும் மகனைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்கள். தாழ்ப்பாள் போட்டதே அந்த மகன்தான். இரண்டாவது இடத்தில் அந்த அடுக்குமாடி புளோக் தங்கள் வட்டாரத்தில் வராது என்றார்கள். மூன்றாவது இடத்தில் "குடும்ப விஷயம்" என்றார்கள். இப்படியே நான்கு நாள் போனது. அந்த நான்கு நாளும் பாட்டி அதே அறையில்.

அதனால் முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1800-777-0000. சிங்கப்பூரில் குடும்ப வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்குமான தேசிய உதவி எண், 2021 முதல் இருக்கிறது. நாள் முழுதும் எடுப்பார்கள். குழந்தைக்கும் இதே எண், பெரியவருக்கும் இதே எண். வட்டாரம் பார்த்து நீங்கள் அலைய வேண்டாம். யாரிடம் அனுப்புவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் பேச ஆள் வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள். கண்ணெதிரே அடி விழுகிறது என்றால் போலிஸுக்கு, 999. பேசினால் அடிப்பவருக்குக் கேட்டுவிடும் என்றால் 70999-க்கு முகவரியோடு குறுஞ்செய்தி அனுப்பலாம்.

"என்ன உறவு" என்ற கேள்வியில்தான் பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள். சொந்தக்காரராக இருந்தால்தான் புகார் சொல்லலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம், விருந்துக்கு வந்தவர் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவரின் பெயரைச் சட்டம் காக்கிறது. அதற்காக அவர்மேல் வழக்குப் போடவும் முடியாது.

இப்போது பலரும் தடுக்கி விழும் இடம். எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கான சட்டம் 2018-இல் வந்தது. "பெரியவர்" என்ற சொல்லைப் பார்த்து வயதானவர்களுக்கான சட்டம் என்று நினைத்துவிடுகிறோம். இல்லை. வயது 18 ஆகியிருக்க வேண்டும். உடல் தளர்ச்சியாலோ மனநிலையாலோ உடற்குறையாலோ தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவராக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தச் சட்டம். ஆட்டிசத்தால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத 20 வயதுப் பையன் இதில் வருவான். தனியாகத் தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி வரும் 75 வயது அம்மா வர மாட்டார்.

ஆகவே ஃபோனில் "பாவம், எழுபது வயசு" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். அவருக்கு எது முடியாது என்று சொல்லுங்கள். தானாகக் கழிவறைக்குப் போவாரா, மகன் பெயர் நினைவிருக்கிறதா, ஃபோன் பயன்படுத்தத் தெரியுமா, கதவை உள்ளிருந்து திறக்க முடியுமா? "கொடுமை பண்றாங்க" என்பது உங்கள் கருத்து. "ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கதவு வெளியே தாழிட்டிருந்தது, வலது மணிக்கட்டில் காயம்" என்பது தகவல். தகவலைச் சொன்னால்தான் வேலை நகரும். புளோக் எண், மாடி, வீட்டு எண் வேண்டும். அவருடைய ஐசி (அடையாள அட்டை) எண் உங்களிடம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

தனியாக இருந்துகொண்டு சாப்பிடாமல், மருந்து போடாமல், குப்பைக்கு நடுவில் கிடக்கிறாரே, யாரும் அடிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாமல் கிடப்பதும் இதே சட்டத்தில் வருகிறது.

பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் வழி வேறு. அம்மாவின் வங்கி அட்டையை மகன் வைத்துக்கொண்டு எடுக்கிறான், அடியோ மிரட்டலோ பட்டினியோ இல்லை என்றால், இந்தச் சட்டத்தின்கீழ் உதவி கேட்டுக் காத்திருப்பது வீண். போலிஸில் புகார் கொடுங்கள். தனக்கு முடியாமல் போனால் தன் சார்பில் முடிவெடுக்க அம்மா முன்கூட்டியே எழுதிக்கொடுத்த எல்பிஏ அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எடுக்கிறான் என்றால் பொதுக் காப்பாளர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ஆனால் பணம் தராவிட்டால் சோறு கிடையாது என்று மிரட்டினால், அந்த மிரட்டலை முதலில் சொல்லுங்கள், பணத்தைப் பிறகு.

புத்தி தெளிவாக இருக்கும் பெரியவர் "நான் இங்கேயே இருக்கேன்" என்றால் அதிகாரிகள் அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்கு அவர்கள் நீதிமன்றம் போக வேண்டும். "அவரே வேண்டாங்கிறார்" என்று கோப்பை மூட வருவார்கள். அப்போது ஒன்று கேளுங்கள்: அவரைத் தனியாக வைத்துப் பேசினீர்களா, மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா?

தேக்காவுக்குப் போய்வரும் அந்த அம்மாவை மகன் அடித்தால்? அடிக்கக் கூடாது என்று மகனைத் தடுக்கும் தனிநபர் பாதுகாப்பு உத்தரவைக் குடும்ப நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆபத்து உடனடியானது என்றால் விசாரணை முடிவதற்கு முன்பே அவசர உத்தரவு உண்டு. 2025 ஜனவரி 2 முதல் 18 வயது ஆனவர் தானே விண்ணப்பிக்கலாம். "21 ஆகணும்" என்று யாராவது திருப்பி அனுப்பினால், அது பழைய விதி.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே பழைய கணக்கு ஓடுகிறது. 16 தாண்டிய பிள்ளைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று இன்னமும் சொல்கிறார்கள். 2020 ஜூலை 1 முதல் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் சிறுவர், இளையர் சட்டத்தில் வருகிறார்கள்.

வீடு நிறைய ஆள் இருக்கும் நாளில் ஒரு பிள்ளை "அந்த மாமா கூட ரூம்ல இருக்க மாட்டேன்" என்று சொன்னால், கூடத்துக்கு இழுத்துவந்து எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். ஒருவர் மட்டும் கேளுங்கள், ஒரே தடவை கேளுங்கள், பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். சித்தியிடம் ஒருமுறை, பெரியம்மாவிடம் ஒருமுறை என்று சொல்லவைத்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பாலியல் தொல்லை என்ற சந்தேகம் இருந்தால் அன்றைய உடுப்பைத் துவைக்காமல் வைத்து, அன்றே போலிஸுக்குப் போங்கள். விருந்து முடியட்டும், மானம் போய்விடும் என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

காயத்தைப் படம் எடுத்தால் அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் முதலில் பார்ப்பவர் அடித்தவராகவே இருக்கலாம். விசாரணையில் இருக்கும் பிள்ளையையோ பாதுகாப்பில் இருக்கும் பெரியவரையோ அடையாளம் தெரியும்படி ஃபேஸ்புக்கில் போட்டால், வழக்கு உங்கள்மேல் திரும்பக்கூடும்.

பேசி முடித்ததும் வைத்துவிடாதீர்கள். பேசியவர் பெயர், தேதி, எந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள், எப்போது வீட்டுக்குப் போவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் அந்தப் பெயரையும் தேதியையும் சொல்லி மறுபடி கூப்பிடுங்கள். ஐந்தாம் நாள் நான் செய்தது இவ்வளவுதான். அன்று மாலையே இரண்டு பேர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.