‘பீதித் தாக்குதல்’ என்றால் யாருக்குப் புரியும்?

‘பேனிக் அட்டாக்’ என்பதைத் தமிழில் ‘பீதித் தாக்குதல்’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னால், பிசகில்லாமல் ‘பேனிக் அட்டாக்’ என்றே வரும். ஆனால் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிரே போய்விடும் என்று நடுங்கிய ஒருவரிடம் “போன வாரம் எத்தனை பீதித் தாக்குதல்கள்?” என்று கேட்டால், யார் தாக்கினார்கள் என்று விழிப்பார்.

இப்படிப் பீதி திரும்பத் திரும்ப வருவதுதான் ‘பீதி நோய்’. அதன் தீவிரத்தை அளக்க, அமெரிக்க மனநல மருத்துவர் கேத்ரின் ஷியரும் குழுவினரும் 1997இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கேள்விகள் ஏழுதான். பீதி எத்தனை முறை வந்தது, வந்தபோது எவ்வளவு தவிப்பு, மறுபடி வந்துவிடுமோ என்ற கவலை, தவிர்க்கும் இடங்கள், பயப்படும் உடல் உணர்வுகள், வேலையில் பாதிப்பு, மற்றவர்களோடு பழகுவதில் பாதிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 28. துருக்கி, கொரிய, ஜப்பானிய மொழிகளுக்கெல்லாம் இது போயிருக்கிறது. போன இடத்திலெல்லாம் புதுக்கருவியைப் போலத்தான் சோதித்தார்கள். தராசை ஊர் மாற்றினால் எடை மாறாது. இங்கே எடைக்கல்லே சொற்கள்தானே!

நோயாளியே நிரப்பும் வடிவத்தில் சில உதாரணங்கள் வரும்: காபி குடிப்பது, சுரங்கப்பாதை, சுடுநீர் ஷவர். மூடிய குளியலறையில் ஆவி நிறைந்தால் மூச்சு முட்டும், அதனால் ஷவர். வாளியில் மொண்டு குளிப்பவருக்கு அந்த அனுபவமே இருக்காது. அவர் ‘பயமில்லை’ என்று குறித்தால், குறைவது நோயா, கேள்வியின் பொருத்தமா? அதனால்தான் திருப்பி மொழிபெயர்ப்பதோடு நிறுத்தக் கூடாது. நோயாளிகளை உட்கார வைத்து, “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் சொல்லில் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், முழு வேலையிலும் விட்டுவிடவே கூடாத கட்டம் இதுதான்.

பயத்தின் வடிவமே கூட மாறும். அமெரிக்காவில் குடியேறிய கம்போடிய அகதிகளிடம் மனநல மருத்துவர் டெவன் ஹின்டன் செய்த ஆய்வுகளில், உடலுக்குள் ஒரு ‘காற்று’ மேலேறி கழுத்து ரத்தக்குழாயை வெடிக்க வைத்துவிடும் என்ற பயம் தெரிய வந்தது. கழுத்து வலியும் காது இரைச்சலும் அவர்களுக்கு ஆபத்தின் அறிகுறிகள். நெஞ்சையும் மூச்சையும் மட்டுமே கேட்டால் அந்தப் பயம் பிடிபடாது.

சொற்கள் சரியானதும் எண்களின் முறை. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் மதிப்பிட்டால் மதிப்பெண் ஒத்துப்போகிறதா? சில நாள் கழித்துக் கேட்டாலும் அதேதானா? இடைவெளி குறைந்தால் முந்தைய பதில் நினைவில் இருக்கும், கூடினால் நோயே மாறியிருக்கும். பதட்டத்தை அளக்கும் மற்ற அளவுகோல்களோடு இது சேர்ந்து ஏறி இறங்குகிறதா? சிகிச்சையில் ஒருவர் தேறினால் மதிப்பெண் இறங்குகிறதா?

ஏழு பதில்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றனவா என்றும் பார்ப்பார்கள். ஆனால் ஒட்டுதல் மிகுந்தால்தான் நல்லது என்று எண்ண வேண்டாம். பஸ்ஸில் பீதி வந்துவிடும் என்று பயந்து வீட்டை விட்டே வெளியே போகாதவருக்கு இந்த மாதம் ஒரு முறைகூட வந்திருக்காது. முதல் கேள்விக்கு 0, தவிர்ப்புக்கு 4. அவர் தேறிவிட்டாரா என்ன? எண்ணிக்கையை மட்டும் கேட்டிருந்தால் அப்படித்தான் தோன்றும். மூல அளவுகோலிலேயே இந்த ஒட்டுதல் நடுத்தரமாகத்தான் இருந்தது.

அப்புறம் எல்லைக்கோடு. பீதி நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்க 8 மதிப்பெண் உதவும் என்று ஷியரின் குழு 2001இல் சொன்னது. அது ஆங்கிலக் கேள்விகளுக்குக் கிடைத்த 8. மொழிபெயர்ப்பில் ஒரு கேள்வி கொஞ்சம் மென்மையாகிப் போனால், அதே அளவு தவிப்பவர் 6 எடுப்பார். அவரிடம் “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிடாமல் இருக்க, அந்த எல்லைக்கோட்டையும் புது மொழிக்காரர்களிடமே, மருத்துவர் நேரில் பேசிக் கண்டறிந்த முடிவோடு ஒப்பிட்டு, மறுபடி கண்டுபிடிக்க வேண்டும்.