‘பங்கீட்டு வலு’வை ஏன் விடக்கூடாது?

கிளிநொச்சியில் உயர்தர வகுப்பு. மேசையில் சிரட்டை ஒன்றில் ஆனையிறவு உப்பு, பக்கத்தில் ஒரு தேசிக்காய். தோலை நகத்தால் கீறினேன். கடைசி வாங்கு வரை மணம் போனது. உப்பு மட்டும் ஏன் மணக்கவில்லை என்று கேட்டேன். கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் எழும்பினான்: “சேர், தேசிக்காயில சகப்பிணைப்பு. ஒரு மூலக்கூறு சக மூலக்கூறோட பிணைஞ்சிருக்கும். அது லேசாக் கழண்டு வரும், அதுதான் மணக்குது.”

இந்தத் தவணையில் இதே விடையை நாலாவது தடவையாகக் கேட்கிறேன். பிழை பெடியனுடையதல்ல, ‘சகப்பிணைப்பு’ என்ற சொல்லினுடையது. எங்கள் ‘பங்கீட்டு வலு’வுக்கு இப்போது வழங்கும் மறுபெயர் அது.

இரு அணுக்கள் ஓர் இலத்திரன் சோடியைப் பொதுவில் வைத்துப் பிணைந்திருப்பதை அமெரிக்க இரசாயனவியலாளர் லூயிஸ் 1916இல் சொன்னார். 1919இல் இன்னொரு இரசாயனவியலாளர் லாங்மியூர் அதற்கு ‘கோவேலன்ஸ்’ (covalence) என்று பெயர் வைத்தார். பெயரின் பின்பாதி, வலிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் பிறந்தது. எங்கள் பாடநூல் ‘பங்கீட்டு வலு’ என்றது: பங்கும் உண்டு, வலுவும் உண்டு.

தமிழகக் காணொளிகளோடு இங்கு வந்திறங்கிய ‘சக’வில் இரண்டும் இல்லை. சக என்றால் கூட. சகமாணவன் கூட இருப்பான்; சோற்றைப் பகிர்வானா என்பது வேறு கதை. எதனோடு எது கூட, எதைப் பகிர்ந்து? சொல் வாய் திறக்காததால் பெடியன் தானே நிரப்பிக்கொண்டான். பங்கீடு என்றால் கூப்பன் மாதிரிப் பிரித்துக் கொடுப்பதல்லவா என்று ஓர் ஆசிரிய நண்பர் மறுத்தார். காணி உறுதி வாசித்தவருக்கு அந்தச் சந்தேகம் வராது. ‘கிணற்றில் அரைப்பங்கு’ என்றால் பாதிக் கிணற்றை வெட்டியெடுத்துப் போவதா? கிணறு இரண்டு வளவுக்கும் நடுவில் நிற்கும், இரண்டு வீடும் அள்ளும். இலத்திரன் சோடியின் நிலையும் இதுவே.

மணத்துக்கு வருவோம். தேசித்தோலில் மணக்கும் பொருள்களில் ஒன்று லிமொனீன். அதன் ஒரு மூலக்கூறில் 10 காபன் அணு, 16 ஐதரசன் அணு. அவற்றை மூலக்கூறுக்குள் இறுக்கியிருப்பது பங்கீட்டு வலு. மணம் மூக்கை எட்டும்போது அதில் ஒன்றும் அறுவதில்லை. முழு மூலக்கூறும் அப்படியே பறந்து வருகிறது. கழல்வது மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய கவர்ச்சி. அதன் பெயர் மூலக்கூற்றிடை விசை. உப்பில் தனி மூலக்கூறே இல்லை, நேர், எதிர் ஏற்றம் கொண்ட அயன்கள் ஒழுங்காக அடுக்கி நிற்கும் சாலகம்தான். 801 பாகை செல்சியசில்தான் உருகும், பறப்பது எங்கே? பங்கீட்டு வலு இருந்தாலே மணக்கும் என்பதும் பிழை. சீனியிலும் அந்த வலுதான், ஆற்று மணலின் சிலிக்காவிலும் அதுதான்.

அண்மையில் கைக்கு வந்த ஒரு மாதிரி வினாத்தாளில் முதல் வினா ‘பங்கீட்டு வலு’ என்கிறது, ஐந்தாவது ‘சகப்பிணைப்பு’ என்கிறது. மொழிபெயர்த்தவர் ஒருதரம் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை இரண்டையும் இரு பிணைப்பென்று எண்ணி, வேறுபாடுகள் மூன்று எழுதியிருந்தது.