முனை பொருந்தினால் மட்டும் படம் வராது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் கணினிப் பழுதுபார்க்கும் கடைக்குச் சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள், "லேப்டாப் கெட்டுவிட்டது" என்று முடிவுகட்டிக்கொண்டே வருகிறார்கள். பல நேரங்களில் கணினியில் ஒரு குறையும் இருப்பதில்லை. கணினியைத் திரையோடு இணைக்க இணையத்தில் வாங்கிய அடாப்டர்தான் (ஒரு வகை முனையை இன்னொரு வகையோடு இணைக்கும் சிறு கருவி) தவறு. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) உள்ள நாட்டில், இதற்காக ஒரு குடும்பம் புதுக் கணினி வாங்க நினைப்பதைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது திசை. தமிழ்ப்பள்ளியின் பழைய புரொஜெக்டரில் விஜிஏ (பழைய வகைப் பட முனை) மட்டும் இருந்து, ஆசிரியரின் புதிய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் சேர்ந்து போகும் முனை) மட்டும் இருந்தால், "எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ" அடாப்டர் வேண்டும். அதற்குள் இருக்கும் சில்லு கணினியின் டிஜிட்டல் சமிக்ஞையை விஜிஏ-வுக்கு ஏற்ற அனலாக் சமிக்ஞையாக்குகிறது. அதையே திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. விஜிஏ வழியே ஒலியும் போகாது. ஒலிக்குத் தனி முனையுள்ள அடாப்டராகக் கேளுங்கள்.

டிஸ்ப்ளேபோர்ட் (கணினிகளிலும் மானிட்டர்களிலும் உள்ள இன்னொரு வகைப் பட முனை)–எச்டிஎம்ஐ கேபிளும் இப்படித்தான். சாதாரணக் கேபிளில் கணினிப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டாக இருந்தே ஆக வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட மானிட்டர்களை மலிவாக வாங்குவோர் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட், கணினியில் எச்டிஎம்ஐ என்றால், யூஎஸ்பி-யிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாற்றி தேவை. அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகே மானிட்டருக்குப் பேரம் பேசுங்கள்.

டைப்-சி (புதிய கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் உள்ள சிறிய யூஎஸ்பி முனை) இன்னும் மோசம். எல்லா டைப்-சி முனைகளும் படம் அனுப்பா. முனைக்கு அருகில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் (படமும் அனுப்பும் அதிவேக இணைப்பு வகை) குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லையென்றால் அந்த மாடலின் விவரக் குறிப்பைப் படியுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் கேபிள் பெரும்பாலும் இதற்கு உதவாது.

கேபிளின் தங்கப் பூச்சு துருவைத் தடுக்கும், படத்தை மெருகேற்றாது. அதற்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு கணினிகளுக்கு ஒரே திரை என்றால் ஸ்விட்ச். ஒரு கணினியின் படம் மண்டபத்தின் இரண்டு திரைகளில் வர வேண்டுமென்றால் ஸ்பிளிட்டர். விசைப்பலகையும் மவுஸும் சேர்ந்து மாற வேண்டுமானால் கேவிஎம் ஸ்விட்ச். இந்தக் கருவிகளின் பெட்டியில் "4கே" (மிகத் துல்லியமான படம்) என்று மட்டும் இருந்தால் நம்பிவிடாதீர்கள். அது 30 ஹெர்ட்ஸாக (நொடிக்கு 30 முறை படம் புதுப்பிக்கப்படுவது) இருக்கலாம், மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகரும். 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கேபிள்கள் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.