ப்ளேட்லெட் கவுண்ட் நார்மல்னு மாத்திரைய நிறுத்தாதீங்க

தைப்பூசம் முடிஞ்ச கையோட எங்க ஆஸ்பத்திரிக்கு இன்னொருத்தர் வந்து சேர்ந்தார். அம்பத்தெட்டு வயசு, சுகர் இருக்கு, நாலு மாசம் முன்னாடிதான் மதுரையில இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சது. குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடக்கப்போறோம், கால்ல கொப்புளம் உடைஞ்சா ரத்தம் நிக்காதுன்னு யாரோ சொல்ல, ரத்தம் உறைஞ்சு அடைக்காம இருக்கக் குடுத்த ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ரெண்டையும் நிறுத்திட்டு கிளம்பியிருக்கார். வழியிலேயே நெஞ்சுவலி, ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு அடைச்சிருச்சு. ஆள் பிழைச்சிட்டார், ஆனா இதயத்தோட பம்பிங் ரொம்பக் குறைஞ்சுபோச்சு.

அவுக வீட்டு ஆச்சி ஒரு லேப் ரிப்போர்ட்டை நீட்டினாங்க. நாலா மடிச்சு மடிச்சு மடிப்பே கிழியப் பாக்குது, ப்ளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கிற சின்னச் செல்) 2,60,000-ன்ற இடத்துல மட்டும் பேனாவால வட்டம். "கவுண்ட் நல்லாத்தானே டாக்டர் இருந்துச்சு, அதான் மாத்திரைய விட்டுட்டாக."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு சலிச்சுப்போச்சுங்க. டெங்கு வந்ததுல இருந்து ப்ளேட்லெட்னாலே எண்ணிக்கைதான்னு எல்லார் மனசுலயும் பதிஞ்சிருச்சு. ஒன்றரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரைக்கும் நார்மல், சரி. மாரடைப்போட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கும் கவுண்ட் நார்மலாத்தான் இருக்கும்! இந்த மாத்திரைகளை நாங்க எண்ணிக்கையைக் குறைக்கக் குடுக்கல, ரத்தத்தைத் தண்ணியாக்கவும் குடுக்கல, "ரத்தம் நீர்த்துப்போறதுக்கு மாத்திரை"ன்னு சொல்லிச் சொல்லி நாங்க டாக்டர்களே பழக்கிவிட்டதுதான் இது. ப்ளேட்லெட் ஒன்னோட ஒன்னு ஒட்டிக் கட்டியாகுற குணத்தை மட்டும்தான் அது அடக்குது. அந்தக் குணத்தை நீங்க எடுக்குற சாதாரண ரத்த டெஸ்ட் காட்டவே காட்டாது.

ப்ளேட்லெட் மாரடைப்பு அன்னிக்கு மட்டும் வர்ற ஆளும் இல்ல. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்ச்ச நம்ம பழைய வீட்டுச் சுவர் மாதிரி ரத்தக்குழாயோட உள்சுவரும் வழுவழுன்னு இருக்கணும். பீடி சிகரெட், சுகர், பிரஷர், கொழுப்புன்னு அது கெட ஆரம்பிச்சதும் ப்ளேட்லெட் அங்க ஒட்டி, சில ரசாயனங்களை விட்டு வெள்ளையணுவை அந்த இடத்துக்குக் கூப்பிடுது, சுவர்ல இருக்குற தசைச் செல்லையும் வளரத் தூண்டுது. கொழுப்புப் படிவு இப்படித்தான் வருஷக்கணக்கா சத்தமில்லாம தடிக்குது. ஒருநாள் அது வெடிச்சா, நிமிஷத்துல ப்ளேட்லெட் குவிஞ்சு குழாயே அடைபட்டுப்போகும்.

ஸ்டென்ட் வச்சதும் "அடைப்பு போயிருச்சு"ன்னு நினைக்காதீங்க. அது உள்ள இருக்குற ஒரு கம்பி வலை, அதுக்கு மேல நம்ம சதை மூட மாசக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் ப்ளேட்லெட்டுக்கு அது ஒட்ட நல்ல இடம். இன்னொன்னு, உடம்பு தினமும் சுமார் 10,000 கோடி புது ப்ளேட்லெட் செய்யுது. நேத்து போட்ட ஆஸ்பிரின் நேத்து இருந்ததுக்குத்தான். அதான் தினமும் போடச் சொல்றோம்.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வச்சவங்களுக்கு பொதுவா ஒரு வருஷம் ரெண்டு மாத்திரையும், அப்புறம் பெரும்பாலும் ஒன்னு மட்டும் தொடர்ந்து. எப்ப நிறுத்தணும்னு உங்க கார்டியாலஜிஸ்ட் சொல்லட்டும், கூட நடக்க வர்றவர் சொல்ல வேணாம். பல் பிடுங்கணும்னா பல் டாக்டர்கிட்ட மாத்திரையைச் சொல்லுங்க, பெரும்பாலும் நிறுத்தாமலே பண்ணலாம். மூட்டுவலிக்கு மெடிக்கல்ல ஐபுப்ரோஃபென் கேட்டு வாங்கிப் போடாதீங்க, ஆஸ்பிரினை வேலை செய்ய விடாது, வயித்துலயும் ரத்தம் கசியலாம். டெங்கு வந்து கவுண்ட் இறங்குச்சுன்னா அன்னிக்கே வந்து கேளுங்க, அப்ப முடிவு வேற.

ஒரு நோயும் இல்லாத வயசானவங்க "எதுக்கும் இருக்கட்டும்"னு ஆஸ்பிரின் போடுறதையும் தயவுசெஞ்சு விடுங்க, அதுல நல்லதை விட ரத்தக்கசிவு ஆபத்துதான் அதிகம். மாத்திரை போடுறவங்களுக்கு மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க, மாத்திரைய என்ன பண்றதுன்னு அங்க முடிவு பண்ணிக்கலாம்.