சுண்ணாம்பு தடவிய கலயமும் பீர் பானையும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிப் பக்கம் ஒரு பனையில், அடுத்தடுத்த இரண்டு பாளைகளில் பாளைக்கொரு கலயம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் உட்புறம் சுண்ணாம்பு தடவியது, இன்னொன்று வெறும் கலயம். மாலையில் கட்டி, காலையில் இறக்கினால் முதல் கலயத்தில் பதநீர் இருக்கும், அடுத்ததில் கள். மரம் ஒன்று, சாறும் ஒன்று. இடையில் நடந்தது என்ன என்று விளங்கிவிட்டால், பீர் எப்படி உருவாகிறது என்பதும் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை இருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சுவதும் இங்கே குற்றம். அதனால் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் நான்கு பொருள்களை வைத்துக்கொள்கிறார்கள்: மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். அவர்கள் பாடுபடுவதில் பெரும்பங்கு சர்க்கரைக்காகத்தான். பார்லியில் இருப்பது மாவுச்சத்து. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது. ஆகவே பார்லியை ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள். முளைக்கும் தானியம், குருத்துக்கு உணவு தேவை என்பதால், மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. முளை நீளும் முன் அனலில் உலர்த்தினால் மால்ட். அப்புறம் அதை உடைத்து, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் நொதிகள் மீண்டும் வேலை செய்து தண்ணீர் இனிப்பாகிறது.

பனையில் இந்தப் பாடு எதுவும் இல்லை. ஓலைகள் வெயிலில் தயாரிக்கும் சர்க்கரை, பூவுக்கும் காய்க்கும் போய்ச் சேர்வதற்காகப் பாளை வழியாக ஓடுகிறது. பனையேறி பாளையின் நுனியைச் சீவி அந்த ஓட்டத்தைக் கலயத்துக்குத் திருப்புகிறார். வெட்டிய வாய் அடைத்துக்கொள்ளும் என்பதால்தான் காலையும் மாலையும் ஏறி மெல்லியதாகச் சீவ வேண்டியிருக்கிறது. சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை.

அடுத்தது ஈஸ்ட். 1516இல் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற பீர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றைத்தான் சொன்னது. நொதிக்கவைப்பது ஓர் உயிர் என்று அன்று தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் அதை நிறுவினார். 1883இல் கோபன்ஹேகனில் ஹான்சன் என்ற விஞ்ஞானி ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கிக் காட்டினார். இன்று பீருக்கு அதைப் பொட்டலமாக வாங்கிப் போடுகிறார்கள். பனையில் யாரும் போடுவதில்லை. பாளையிலும் பூச்சிகளின் காலிலும் பழைய கலயத்திலும் அது தானாகவே இருக்கிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால், கணக்குப்படி 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும். கள்ளின் நுரை அந்த வாயுதான். ஏல் வகைப் பீர் சுமார் 20 டிகிரியில் நாள்கணக்கில் நொதிக்கும். நம் கடற்கரைச் சூட்டில் கள்ளுக்கு ஓர் இரவு போதும்.

சாற்றில் ஈஸ்ட் மட்டும் குடியேறுவதில்லை, பாக்டீரியாக்களும் சேர்ந்து வருகின்றன. லாக்டிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் கூடக்கூட, காலையில் இனித்த கள் மாலைக்குள் புளிக்கிறது. பீரில் இதைத் தடுப்பது ஹாப்ஸ். அது ஒரு கொடியின் பெண்பூ. குளிர்ப் பிரதேசப் பயிர். இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌலில் விளைகிறது. இனிப்பு நீரோடு கொதிக்கும்போது அதன் பிசினில் உள்ள அமிலங்கள் கசப்பாக மாறுகின்றன. அந்தக் கசப்பு லாக்டிக் பாக்டீரியாக்களை அடக்கும், ஈஸ்ட்டை விட்டுவிடும்.

சுண்ணாம்போ இரண்டையும் நிறுத்துகிறது. ஈஸ்ட்டுக்கு லேசான புளிப்புதான் பிடிக்கும்; சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்குத் தள்ளிவிடுகிறது. அளவு குறைந்தால் பதநீர் பொங்கத் தொடங்கும், கூடினால் நாக்கு பொத்துப்போகும். கருப்பட்டிக்கும் இது முக்கியம். சாறு கொஞ்சம் நொதித்துவிட்டாலும் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்துவிடுகிறது. அவை இரண்டும் கலந்த பாகு எவ்வளவு காய்ச்சினாலும் சரியாக இறுகாது. அச்சில் ஊற்றினாலும் பிசுபிசுக்கும். எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல், கைப்பழக்கத்தால் இந்த அளவைப் பிடித்துவைத்திருக்கும் பனையேறிகளின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதன் உப்புகள் ருசியை மாற்றும். நம் கடலோரத்தின் பல ஊர்களில் கிணறு கரிக்கிறது. அதில் நல்ல பீர் வராது. அதே மணலில் நிற்கும் பனை இனிப்பைத் தருகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதநீர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்பு ஈஸ்ட்டை முழுவதும் கொன்றுவிடுவதில்லை. பாட்டிலில் நிரப்பி இறுக மூடி, வெயிலில் காருக்குள் வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் உப்பிவிடும், கண்ணாடியாக இருந்தால் வெடிக்கவும் கூடும். பனையோலைப் பட்டையில் வாங்கி அங்கேயே குடித்துவிடுங்கள். வீட்டுக்கு வேண்டுமென்றால் மூடியைத் தளர்த்தி, போனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.