பஃபரி

மல்லேஸ்வரத்தில் பஃப்ஸ் என்றால் ஐயங்கார் பேக்கரிதான். கடித்தால் பாதி சட்டையில் உதிரும். உள்ளே ஒரு பிடி உருளைக்கிழங்கு மசாலா, மீதி காற்று. அதைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, பஃபரிக்குத் தமிழ்ல என்ன போடறது?"

பதில் கையிலேயே இருந்தது. பஃப் என்றால் ஊதுவது. வாயால் ஊதும் ஒலியே ஆங்கிலத்தில் சொல்லாகிவிட்டது. சரக்கை ஊதிப் பெரிதாக்கும் விளம்பரப் பேச்சு பஃபரி. "எங்கள் காபிக்கு ஈடே இல்லை" என்றால் பஃபரி. அதை அளந்து பார்க்க முடியாது, அப்படியே நம்புகிறவரும் இல்லை என்று சட்டம் விட்டுவிடும். "இதைத் தின்றால் இன்ன நோய் போகும்" என்பது வேறு. அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் பேட்டில் கிரீக் ஊர்க்காரர் சி. டபிள்யூ. போஸ்ட் 1897இல் கிரேப் நட்ஸ் என்ற காலை உணவை விற்கத் தொடங்கினார். அதில் திராட்சையும் இல்லை, கொட்டையும் இல்லை. கோதுமையும் பார்லியும் சேர்த்துச் சுட்டு நொறுக்கியது. மூளைக்கு உணவு என்று விளம்பரம் செய்தார். சரி, ஊதட்டும் என்று விடலாம். குடல்வால் அழற்சிக்கு அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்கிற அளவுக்கு அது போனபோது காலியர்ஸ் வார இதழ் கண்டித்து எழுதியது. 1914இல் போஸ்டுக்கே குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது!

குவேக்கர் நிறுவனம் பொரியைத் "துப்பாக்கியிலிருந்து சுட்ட உணவு" என்று விற்றது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு: 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பீரங்கிக் குழாயில் அரிசியை அடைத்துச் சூடாக்கிப் பொரித்துக் காட்டினார்கள். நம்மூரில் இதற்குச் சுடுமணல் போதும்.

தமிழுக்கு வருவோம். உயர்வு நவிற்சி என்பது கவிஞர்களின் அணி. அதை வியாபாரிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. மிகைப்புகழ்ச்சி பொருள் பிசகாதது, ஆவணத்துக்குப் பொருந்தும். ஆனால் வாயில் வருவது பீற்றல்தான். தன் சரக்கைத் தானே புகழ்வது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. குடல்வால் சமாச்சாரத்துக்கு மட்டும் பீற்றல் போதாது. அது புளுகு.

மகள் மிகைப்புகழ்ச்சி என்றே போட்டுவிட்டாள். பீற்றல் என்று எழுதினால் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களாம்.